ரைஃபிளுக்கு சிந்தெடிக் ஸ்டாக் வாங்கறதுக்கு முன்னாடி டேப்ப எடுத்து அளங்க

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல துப்பாக்கியால மான் வேட்டையாடற சீசன் நவம்பர் 15 ஆரம்பிச்சு 30 வரைக்கும். நான் போறது வடக்க அப்பர் பெனின்சுலா பக்கம், அங்க அந்த நேரத்துல மழை, ஈரப்பனி, விரல் மரத்துப்போற குளிர் எல்லாம் ஒரே நாள்ல வந்துரும். ஸ்டாக்னா பேரலும் (தோட்டா போற குழாய்) மத்த இரும்பும் உக்கார்ற, நாம பிடிச்சு தோள்ல வைக்கற பகுதி. மர ஸ்டாக் ஈரத்துல உப்பும், காய்ஞ்சா சுருங்கும், அப்படி உப்பி பேரல அழுத்த ஆரம்பிச்சிடுச்சுன்னா போன வாரம் சரியா விழுந்த தோட்டா இந்த வாரம் தள்ளிப்போய் விழும், அதனாலதான் நிறைய பேர் பிளாஸ்டிக், ஃபைபர்ல செஞ்ச சிந்தெடிக்குக்கு மாறறாங்க, நானும் மாறினேன். ஆனா மொதல் தடவ நான் பாத்தது கேமோ டிசைனும் விலையும் மட்டும்தான். பைபாட் (முன்னாடி மாட்டற ரெண்டு கால் ஸ்டாண்டு) போட்டு படுத்து சுட்டப்ப ஸ்டாக்கோட முன்பக்கம் வளைஞ்சு பேரல்ல இடிச்சிருக்கு, எனக்குத் தெரியல, மான் சரியா அடிபடாம ஓடி, இருட்டற வரைக்கும் பனியில ரத்தத் தடம் பாத்து நடந்தோம். ஒரு உயிர அப்படித் துடிக்க விடக்கூடாதுங்க. அதுக்காகத்தான் இத எழுதறேன்.

உதாரணத்துக்கு ரெமிங்டன் 700 எடுத்துக்கறேன், 1962லேருந்து வர்ற, கைப்பிடிய இழுத்துத் தள்ளி தோட்டா ஏத்தற போல்ட் ரைஃபிள், அதுக்கு வெளில ஸ்டாக் ஏகப்பட்டது கெடைக்கும். வேற ரைஃபிள்னாலும் யோசிக்கற முறை இதேதான்.

1. உங்க ரைஃபிள் எதுன்னு சரியா தெரிஞ்சுக்கங்க

ஆக்‌ஷன்னா போல்ட் ஓடற இரும்பு உடம்பு, தோட்டா நீளத்தப் பொறுத்து அளவு மாறும். தோட்டா .308, .243, 6.5 க்ரீட்மோர்னா ஷார்ட் ஆக்‌ஷன், .30-06, .270, .300 வின் மேக்னம்னா லாங் ஆக்‌ஷன், ஒண்ணோட ஸ்டாக் இன்னொண்ணுக்கு உக்காராது. அடுத்து அடிப்பக்கம் திருப்பிப் பாருங்க. தோட்டா அடுக்கற மேகசினுக்கு கீழ கதவு மாதிரி தெறந்தா அது பிடிஎல் மாடல், கீழ மூடியே இல்லாம வெறும் ஸ்டாக்தான் இருக்குன்னா ஏடிஎல். இத மாத்தி ஆர்டர் பண்ணிட்டு கீழ் இரும்பு (ட்ரிகர சுத்தி அடில இருக்கற உலோகப் பகுதி), மேகசின் பாக்ஸ், ஸ்க்ரூ எல்லாம் தனியா வாங்கி தண்டம் அழறவங்க நிறைய. பேரல் ஒல்லியா தடியாங்கறதும், இடது கை ரைஃபிளாங்கறதும் ஆர்டர்ல கேப்பாங்க. சீரியல் நம்பர் ரிசீவர்லதான் (ஆக்‌ஷனோட வெளி உடம்பு) இருக்கும், ஸ்டாக் வெறும் பார்ட்ங்கறதால வீட்டுக்கே பார்சல்ல வரும்.

2. உங்க உடம்ப அளங்க

ட்ரிகர்லேருந்து தோள்ல வைக்கற ரப்பர் பேடோட நடு வரைக்கும் உள்ள தூரத்த லெங்த் ஆஃப் புல்னு சொல்வாங்க. கடைல வர்றது பெரும்பாலும் 13.5 இஞ்ச் பக்கம் இருக்கும். பின்பக்கத்த முழங்கை மடிப்புல வெச்சு விரல் ட்ரிகருக்கு எட்டுதான்னு பாக்கறது பழைய வழக்கம், அத நான் நம்பறதில்ல, ஏன்னா கழுத்து நீளம், தோள் அகலம் எதுவும் அதுல வராது.

இப்படிப் பண்ணுங்க. ரைஃபிள் காலியான்னு ரெண்டு தடவ பாத்துட்டு, வேட்டைக்குப் போடற அதே தடி ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு, பத்திரமான பக்கம் திருப்பி வெச்சு, கண்ண மூடிட்டு ரைஃபிள தோளுக்குக் கொண்டு வாங்க. அக்குள்ல மாட்டுதா? அப்ப நீளம். கன்னத்த அசைக்காம கண்ணத் தெறங்க, ஸ்கோப்ல முழு வட்டம் தெரிஞ்சா நல்லது, ஓரத்துல கருப்பு நிழல் வந்தா கன்னம் வைக்கற இடத்தோட உயரமோ ஸ்கோப் இருக்கற தூரமோ சரியில்ல. மூக்குக்கும் பிடிச்சிருக்கற கட்டை விரலுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம் வேணும், இல்லன்னா சுடும்போது மூக்குல இடிக்கும். டிஷர்ட்டோட அளந்து வாங்கிட்டு நவம்பர்ல ஜாக்கெட்டோட போனா அரை இஞ்ச் வித்தியாசம் அடிச்சிரும், அதனால ஸ்பேசர் வெச்சு நீளத்தக் கூட்டிக் குறைக்கற ஸ்டாக் புதுசா வாங்கறவங்களுக்கு ரொம்ப வசதி, மேக்புல் ஹண்டர் அந்த மாதிரிதான்.

3. உள்ள என்ன இருக்குன்னு பாருங்க

விலை கம்மியானது அச்சுல ஊத்தின பிளாஸ்டிக். உள்ள கூடா இருக்கும், கிளை பட்டா டொக்குனு சத்தம் வரும், மான் காதுக்கு அது போதும். முன்பக்கத்தையும் பேரலையும் சேத்து ஒரு கையால அமுக்குங்க, விரல் பலத்துக்கே ரெண்டும் ஒட்டுச்சுன்னா வேண்டாம். இதுக்கு மேல அலுமினிய பெட்டிங் பிளாக் வெச்சது, பெல் அண்ட் கார்ல்சன், ஹெச்எஸ் ப்ரெசிஷன் மாதிரி, ஆக்‌ஷன் அந்த உலோகத்து மேல உக்காரும், அசையாது. மெக்மில்லன், மேனர்ஸ் எல்லாம் ஃபைபர் கிளாஸ், கார்பன் ஃபைபர் துணிய அடுக்கி செய்யறது, நல்லா இருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. கார்பன்ல ரொம்ப லேசானது 2 பவுண்டுக்கும் கீழ வரும், ஆனா ரைஃபிள் லேசாக லேசாக தோள்ல இடி கூடும், மேக்னம் மாதிரி பலமான தோட்டா ரைஃபிள் வெச்சிருக்கறவங்க இத யோசிச்சுக்கங்க. மொத ஸ்டாக்குனா பிளாக் வெச்ச நடுத்தர விலைதான் என் வோட்டு.

4. மாட்டறது

தோட்டா இல்லன்னு பாத்துட்டு போல்ட்ட உருவி வெளில வைங்க. அடில ஆக்‌ஷன் ஸ்க்ரூவ கழட்டினா பழைய ஸ்டாக் வந்துரும். பேரல் ஆரம்பிக்கற இடத்துல கீழ நீட்டிக்கிட்டு ஒரு இரும்புத் தகடு இருக்கும், அதுதான் ரீகாயில் லக், சுடும்போது வர்ற இடிய வாங்கறது அதுதான். புது ஸ்டாக்ல வெச்சதும் ரைஃபிள செங்குத்தா நிறுத்தி பின்பக்கத்த தரையில மெதுவா தட்டுங்க, லக் பின்னாடி நல்லா ஒட்டி உக்காரும். அப்பறம் முன் ஸ்க்ரூ, பின் ஸ்க்ரூன்னு மாத்தி மாத்தி டார்க் ட்ரைவர்ல (எவ்வளவு இறுக்கம்னு அளந்து இறுக்கற ஸ்க்ரூ ட்ரைவர்) இறுக்குங்க. அலுமினிய பிளாக்குக்கு பொதுவா 65 இஞ்ச்-பவுண்ட், வெறும் பிளாஸ்டிக்குன்னா ரொம்பக் கம்மி, ஆனா ஸ்டாக்கோட வர்ற பேப்பர்ல இருக்கற நம்பர்தான் கணக்கு.

இப்ப மேகசின் பாக்ஸ விரலால ஆட்டிப் பாருங்க, கொஞ்சமா மேல கீழ ஆடணும். ஆடலன்னா அது ஆக்‌ஷனுக்கும் கீழ் இரும்புக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது, ஆக்‌ஷன் ஸ்டாக்ல முழுசா உக்காரலன்னு அர்த்தம், எத்தன பணம் குடுத்து வாங்கின ஸ்டாக்கா இருந்தாலும் குண்டு ஒரே இடத்துல விழாது. போல்ட்ட திரும்பப் போட்டு கைப்பிடி ஸ்டாக்ல இடிக்குதா, சேஃப்டி ரெண்டு பக்கமும் ஃப்ரீயா போகுதான்னும் பாத்துக்கங்க.

5. சோதிக்கறது

ஒரு டாலர் நோட்ட மடிச்சு பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவுல விட்டு ஆக்‌ஷன் வரைக்கும் இழுங்க, எங்கயும் மாட்டக்கூடாது. பைபாட் போட்டு மேலேருந்து அமுக்கிக்கிட்டும் ஒரு தடவ இழுங்க, என் பழைய ஸ்டாக்க நான் அன்னிக்கே இப்படி இழுத்துப் பாத்திருந்தா அங்கயே மாட்டியிருக்கும்.

ஸ்டாக் மாத்தினா பழைய ஜீரோ, அதாவது ஸ்கோப் குறியும் குண்டு விழற இடமும் ஒண்ணா இருக்கற செட்டிங், போச்சுன்னு வெச்சுக்கங்க. 25 கெஜத்துல ஆரம்பிச்சு 100 கெஜத்துக்குப் போங்க, ஒவ்வொரு மூணு ரவுண்டுக்கும் பேரல ஆற விடுங்க, ஜாக்கெட்டோடயே சுடுங்க. இருபது ரவுண்டு போனதும் ஸ்க்ரூவ திரும்ப டார்க் வெச்சுப் பாத்துட்டு, ஸ்க்ரூ தலைலேருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயின்ட் பேனால ஒரு சின்னக் கோடு இழுத்து விட்டுருங்க. காட்டுல காலைல டார்ச் அடிச்சு கோடு நேரா இருக்கான்னு மட்டும் பாத்தா போதும், விலகியிருந்தா ஸ்க்ரூ லூசாயிருக்கு, அன்னிக்கு திரும்ப இறுக்கி ஜீரோ பாக்காம மான் மேல குறி வைக்காதீங்க.