மலையகக் குடியுரிமையை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் என்ற தங்கள் கட்சியின் வேட்பாளர்களை இலங்கை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் மலையகத் தமிழர்கள், அதாவது ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியினர். 1952 தேர்தலில் அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கே இல்லை. குடியுரிமையை ஆராயும் பல்கலைக்கழக மாணவர்கள் இந்த மக்களைத் தேடி வருவது நல்ல விஷயம். ஆனால் ஆய்வேடுகளில் சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

"1948இல் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது முதல் தவறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைப் பற்றியது. வாக்கு போனது 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தால். இரண்டையும் ஒன்றாக்கினால், உரிமைகள் பறிக்கப்பட்ட விதம் கண்ணில் படாமல் போய்விடும். 1948 சட்டம் எந்த இனத்தின் பெயரையும் சொல்லவில்லை. உன் அப்பா இங்கே பிறந்தாரா, அதற்குச் சான்று எங்கே என்றுதான் கேட்டது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில்) பிறந்து, பிறப்பே பதியப்படாத ஒருவருடைய மகன் எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழிவிட்ட, 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் இதே வழிதான்: மணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவருக்கு 10 ஆண்டு தொடர்ந்து வசித்ததற்கு ஆதாரம் வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. சட்டத்தின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு எழுதாதீர்கள், அது கேட்ட சான்றுகளைப் படியுங்கள்.

"தாயகம் திரும்பியோர்" என்ற சொல்லை அப்படியே எடுத்தாள்வது இன்னொன்று. இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாத இந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். நீலகிரிக்கு வந்து இறங்கியவர்களில் எத்தனையோ பேர் அதுவரை இந்தியாவைப் பார்த்ததே இல்லை. எந்தத் தாயகம், யார் திரும்பியது? அது அரசு வைத்த பெயர் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

வடக்குத் தமிழரின் வரலாற்றோடு இதைக் கலந்துவிடாதீர்கள். பிறகு, எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்த 2003 சட்டத்தோடு கதையை மூடவும் வேண்டாம். நாடற்ற நிலை சட்டப்படி தீர்ந்தது, சரி. லயத்து அறை இன்னும் தோட்டத்துக்குச் சொந்தம். தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேரும் வீடுகள் உண்டு.

அப்புறம், களத்துக்குப் போகும்போது நிர்வாகத்தின் ஆளையோ தொழிற்சங்கத் தலைவரையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேட்டி எடுக்காதீர்கள். பகலில் போனால் பெண்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள், ஆண்கள் சொல்வது மட்டும் உங்கள் நோட்டில் ஏறும். மாலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் அம்மாவுக்குத் தண்ணீர் பிடிக்கவும் உலை வைக்கவும் நேரம் சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போங்கள். பழைய பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றும் வைத்திருக்கும் பெட்டியை அவராகத் திறக்கும்வரை கேட்காதீர்கள், திறந்தாலும் அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள்.