கடல் நீலம் வானத்தின் நிறமா? போலராய்டு துண்டும் தங்கூசியும் வைத்து நீங்களே பார்ப்பது எப்படி

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்காதவர்கள் நம் ஊரில் குறைவு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மேலே இருப்பது ஒரே வானம். ஆனாலும் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் நீலமாகவும் கிடக்கிற நாட்கள் உண்டு. வானத்தின் நிறம்தான் தண்ணீரில் தெரிகிறது என்றால், இது எப்படி நடக்கும்?

1921-ல் இதே கேள்வி சி.வி. ராமனுக்கும் வந்தது. கடலின் ஆழ்ந்த நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தான் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிய ராமன், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகமான நிக்கோல் பட்டகத்தின் வழியாகக் கடலைப் பார்த்தார். மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது தடுத்துவிட்டது. நீலம் போகவில்லை, இன்னும் அடர்ந்து தெரிந்தது. பம்பாய் துறைமுகத்திலிருந்தே நேச்சர் அறிவியல் இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அங்கே தொடங்கிய வேலைதான் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவில், அதாவது சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறுகிறது என்ற கண்டுபிடிப்பில், வந்து நின்றது.

அதே பரிசோதனையை நம் கரையில் ஒரு காலை நேரத்தில் செய்துவிடலாம். ஒளியியல் புதிதாகப் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

முதல் வேலை: போலராய்டு துண்டு

நிக்கோல் பட்டகம் தேவையில்லை. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் தாள் போதும். எல்சிடி திரை எதுவானாலும் அதன்மேல் அப்படியொரு தாள் ஒட்டியிருக்கும். கெட்டுப்போன கால்குலேட்டரிலிருந்து உரிக்கலாம். ஆனால் துண்டு சிறியதாக இருக்கும். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் உடைந்த மானிட்டர் பேனல் கேட்டால் பெரிய தாளே கிடைக்கும். கண்ணாடிச் சில் கையைக் கிழித்துவிடும், அதனால் உரிப்பதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். பசை ஒட்டியிருந்தால் சானிடைசர் தொட்டுத் துடைக்கலாம்.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் வேலை இன்னும் சுலபம். 3டி படம் பார்க்கும் கண்ணாடியும் உதவும், ஆனால் அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் எனக்கு ஒரு நாள் முழுக்க வீணானது. சாதாரணமாக மாட்டிக்கொண்டு எப்படித் திருப்பினாலும் கடலில் ஒரு மாற்றமும் இல்லை. அந்தக் கண்ணாடிகளில் வெளிப்பக்கம் இன்னொரு படலம் இருக்கிறது. நேராக வரும் ஒளியின் அதிர்வுத் திசையை அது முதலிலேயே மாற்றிவிடுகிறது. கண் பக்கத்தைக் கடலை நோக்கித் திருப்பிப் பிடித்தால் சரியாகிவிடும்.

கையில் இருப்பது போலராய்டுதானா என்று சந்தேகம் வந்தால், ஒளிர்ந்துகொண்டிருக்கும் லேப்டாப் திரை முன் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு நிலையில் திரை கறுத்துப்போகும்.

அச்சைக் குறிப்பது

தாள் உள்ளே விடும் ஒளி அதிரும் திசைதான் அதன் அச்சு. மானிட்டர் தாளில் அது பல சமயம் சாய்வாக இருக்கும். அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். வீட்டில் ஒரு அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைப் போட்டு, ஜன்னலுக்கு எதிரே வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் தண்ணீர்மேல் பளிச்சென்று தெரியும் இடத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். நாணயம் தெரியாது, வெள்ளைப் பளபளப்பு மட்டும்தான் இருக்கும். இப்போது தாளைக் கண்முன் பிடித்துச் சுற்றுங்கள். ஓரிடத்தில் ஜன்னல் மங்கி மறையும், அடியில் நாணயம் எழுந்து வரும், அதிலிருக்கும் எண்ணைக்கூடப் படிக்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்த நிலையில் தாளின் மேல் ஓரத்தில் மார்க்கரால் ஒரு அம்புக்குறி போடுங்கள். இனி அம்பு மேலே பார்த்தால் பளபளப்பு போகும், பக்கவாட்டில் பார்த்தால் திரும்பி வரும்.

காரணம் இதுதான். தண்ணீரில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிறது. தாளின் அச்சு செங்குத்தாக இருந்தால் அந்த ஒளி நுழைய முடியாது. தண்ணீருக்குள்ளிருந்து வரும் ஒளிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதில் ஒரு பங்கு கண்ணுக்கு வந்துவிடும்.

கடலுக்கு எப்போது போவது

கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் கலங்கிக் கிடக்கும், அப்போது வடகடல் பக்கம் போங்கள். வாடை தொடங்கிவிட்டால் இது தலைகீழ். தண்ணீர் தெளிந்திருக்கிறதா என்று துறையில் இருக்கும் மீனவர்களைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்.

நேரம், காலை 10 மணியை ஒட்டி. வெயில் ஓரளவு மேலே ஏறினால்தான் தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்கும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இந்தத் தாள் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும்.

சரியான கோணம்

எல்லாக் கோணத்திலும் பளபளப்பு முழுவதும் மறையாது. தண்ணீருக்குச் செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் மறையும். புரூஸ்டர் கோணம் என்பார்கள். அதை அளக்கப் பாகைமானி வேண்டாம், தூண்டில் போடும் தங்கூசி என்கிற நைலான் நரம்பு போதும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, அதாவது மூன்றுக்கு நான்கு. கண் 3 பங்கு உயரத்தில் இருந்தால் 4 பங்கு தூரத்தில் பார்க்க வேண்டும். அப்போது கண்ணிலிருந்து அந்த இடத்துக்கு நேர்கோடு 5 பங்கு. பள்ளியில் படித்த அதே 3, 4, 5 முக்கோணம்தான்.

துறைமேடையில் நில்லுங்கள். தங்கூசி நுனியில் ஒரு சின்ன ஈயக்குண்டைக் கட்டி, புருவத்தருகே பிடித்து, குண்டு தண்ணீரைத் தொடும்வரை இறக்குங்கள். அந்த நீளத்தை மூன்றாக மடித்தால் ஒரு பங்கு கிடைக்கும். இன்னும் இரண்டு பங்கு சேர்த்து ஐந்து பங்காக வெட்டிக்கொள்ளுங்கள். ஈயத்தை எடுத்துவிட்டு நுனியில் மிதவையைக் கட்டி முன்னால் எறியுங்கள். கயிறு புருவத்திலிருந்து மிதவைவரை தளராமல் நிற்கும்போது, மிதவை மிதக்கிற இடம்தான் நீங்கள் பார்க்க வேண்டிய இடம். அலை கொஞ்சம் ஆட்டும், பரவாயில்லை.

பார்ப்பது

முதலில் வெறும் கண்ணால் பாருங்கள். அப்புறம் அம்பு பக்கவாட்டில் இருக்கும்படி தாள் வழியாக. அப்புறம் அம்பை மேலே திருப்புங்கள். கூலிங் கிளாஸ்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் பக்கவாட்டு நிலை, நேராக மாட்டிக்கொண்டால் செங்குத்து நிலை.

மிதவையைச் சுற்றித் தண்ணீர்மேல் கிடந்த வெண்ணிறப் பூச்சு விலகும். அடியில் மணல் வரிவரியாகத் தெரியும். கருப்புத் திட்டாக இருந்தது கடல் தாழை என்கிற கடற்புல் என்று புரியும். முக்கியமானது நிறம். வானத்தின் பிரதிபலிப்பு போன பிறகும் நிறம் மிஞ்சியிருக்கிறது, முன்பைவிட ஆழமாகவும் இருக்கிறது. மேகம் மூடி வானம் வெளுத்திருக்கும் ஒரு நாளிலும் வந்து பாருங்கள். வானத்தில் நீலமே இல்லாத அன்றும் தண்ணீர் தன் நிறத்தோடு நிற்கும்.

தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது. நாலைந்து மீட்டர் ஆழம் போவதற்குள் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிஞ்சுகிற நீலத்தையும் பச்சையையும் நீரின் மூலக்கூறுகளும் அடிமணலும் நம் பக்கம் திருப்பி அனுப்புகின்றன. ராமன் பார்த்தது ஆழ்கடல், அங்கே மூலக்கூறுகளின் சிதறல்தான் மேலோங்கும். நம் கரையோரத்தில் மணலின் பங்கு அதிகம், அதனால் இளம்பச்சை கலந்த நீலம் கிடைக்கும். கலங்கல் தண்ணீரில் சேறும் நுண்பாசிகளும் நிறத்தை மாற்றிவிடும். பாலத்தின் இரண்டு பக்கமும் வேறுவேறு நிறம் தெரிவது இப்படித்தான்.

எழுதி வையுங்கள், பகிருங்கள்

போன் கேமராவில் எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, அதே இடத்தில் இரண்டு படம் எடுங்கள்: அம்பு மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இடம், நேரம், காற்று, கண்ணின் உயரம், மேகம் எல்லாவற்றையும் அங்கேயே நோட்டில் குறியுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் பாதி மறந்துபோகும். படித்தவர் அதே துறையில் நின்று திரும்பச் செய்து பார்க்கும்படி எழுதியிருக்க வேண்டும். ராமனின் கடிதம் ஒரு பரிசோதனையாக நின்றதும் அப்படி எழுதப்பட்டதால்தான்.

இப்படி எழுதியதை மற்றவர்களும் படித்துச் சரிபார்க்கத்தான் ஒளியியல் சங்கங்கள் இருக்கின்றன. இன்று ஆப்டிகா என்று பெயர் மாறியிருக்கும் அமெரிக்க ஒளியியல் சங்கம் 1916-ல் தொடங்கியது. எஸ்பிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் சங்கம் 1955-ல் தொடங்கியது, நம் இந்திய ஒளியியல் சங்கம் 1965-ல். ஆய்விதழ், மாநாடு எல்லாம் பெரியவர்களுக்கு என்று நினைக்க வேண்டாம். ஆப்டிகாவிலும் எஸ்பிஐஇயிலும் மாணவர் உறுப்பினராகலாம், கல்லூரியில் மாணவர் கிளையும் தொடங்கலாம். நம் கரையோரக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் நாலு பேர் சேர்ந்து, ஆசிரியர் ஒருவரோடு பேசிப் பாருங்கள். கிளைக்கு முதல் வேலையாக, பேசினும் நாணயமும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்குப் போகலாம்.

அதற்குப் பொருத்தமான நாள் மே 16, சர்வதேச ஒளி தினம். 1960-ல் அன்றுதான் அமெரிக்க இயற்பியலாளர் மைமன் முதல் லேசரை இயக்கினார். மே மாதம் பள்ளி விடுமுறை, அதனால் பிள்ளைகளைத் துறைக்கே வரச் சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு தாள் துண்டும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தங்கூசிச் சுருளும் போதும்.