ஷேக்ஸ்பியர் பற்றிய கதைகளில் எது உண்மை என்று பார்ப்பது எப்படி?

இளம் வயதில் மான் திருடி மாட்டிக்கொண்ட ஷேக்ஸ்பியர், அதற்குப் பயந்துதான் லண்டனுக்கு ஓடினார் என்று படித்திருப்பீர்கள். இப்படி ஒரு கதை கண்ணில் பட்டதும் நான் முதலில் தேடுவது, அதை யார் எந்த வருஷம் எழுதிவைத்தார் என்பதைத்தான். மான் கதையை, ஷேக்ஸ்பியரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய நிக்கோலஸ் ரோ அச்சில் ஏற்றியது 1709இல். ஷேக்ஸ்பியர் இறந்ததோ 1616இல். நடுவில் 93 வருஷம், அவரை நேரில் பார்த்த ஒருவர்கூட அப்போது உயிரோடு இல்லை. அதனால் ஒரு தாளில் கதை, எழுதியவர், வருஷம் என்று குறித்துக்கொண்டே போங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்து, கதை சொல்லும் நோக்கமே இல்லாமல் எழுதப்பட்ட காகிதங்களைப் பாருங்கள். தேவாலயப் பதிவேடு, வழக்கு, பத்திரம், உயில் எல்லாம் இதில் சேரும். ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் தேவாலயப் பதிவேட்டில் அவருடைய ஞானஸ்நானம் 1564 ஏப்ரல் 26 என்று இருக்கிறது. பிறந்த நாளுக்கு ஆவணம் கிடையாது. ஏப்ரல் 23 என்று நாம் கொண்டாடுவது ஊகம்தான். அவர் இறந்ததும் ஒரு ஏப்ரல் 23 என்பதால் அது மனதில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

ஆவணம் கிடைத்துவிட்டாலும் அதில் இருப்பதையும் நாம் சேர்ப்பதையும் பிரித்தே வையுங்கள். மனைவிக்கு 'இரண்டாவது சிறந்த கட்டில்' என்று உயிலில் எழுதியிருப்பது உண்மை. அவரை வெறுத்ததால் அப்படி எழுதினார் என்பது விளக்கம். இல்லை, அதுதான் தம்பதியர் படுத்த கட்டில், பாசத்தால் கொடுத்தார் என்று சொல்வதும் விளக்கம்தான்.

தாமதமாக வந்தது என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குறிப்பெடுத்த ஜான் ஆப்ரி, ஷேக்ஸ்பியரின் அப்பா கசாப்புக்காரர் என்று எழுதினார். ஆவணங்களோ கையுறை செய்பவர் என்கின்றன. சரி, ஆப்ரியையே ஒதுக்கிவிடலாமா? கூடாது. ஷேக்ஸ்பியர் சிறிது காலம் கிராமத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தார் என்ற தகவலை ஆப்ரிக்குச் சொன்னவர் வில்லியம் பீஸ்டன். இவருடைய அப்பா ஷேக்ஸ்பியரோடு ஒரே குழுவில் நடித்தவர். இது நிரூபணம் ஆகாது, ஆனால் தகவல் வந்த வழி தெரிகிறது. ஆளை எடைபோடுவதை விட, அவர் சொன்ன ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோடுவது நல்லது.

1585 முதல் 1592 வரை அவர் என்ன செய்தார் என்பதற்கு ஏறக்குறைய ஆவணமே இல்லை. மான், நாடகம் பார்க்க வந்தவர்களின் குதிரைகளை அரங்க வாசலில் பிடித்துக்கொண்டு நின்றது எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது அந்த இடைவெளியில்தான். அந்தக் காலத்துக் கதை என்றால் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், காலத்தால் நெருங்கியது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்த 1602இலேயே ஜான் மேனிங்ஹாம் என்ற சட்ட மாணவர், அவரையும் நடிகர் பர்பேஜையும் பற்றிய ஒரு காதல் கிசுகிசுவைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதை உங்கள் தாளில் குறிக்கும்போது, '1602இல் இப்படி ஒரு பேச்சு இருந்தது' என்று மட்டும் எழுதுங்கள்.