திரை சிமிட்டும்போது டிரைவரில் கைவைக்கும் முன்: லைனக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைனக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள் திரை சிமிட்டலைச் சரிசெய்ய எடுக்கும் முயற்சி, பல நேரம் சிமிட்டலைவிடப் பெரிய சேதத்தில் முடிகிறது. பழைய ஆட்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள், அதே வரிசையில். கேபிளைக் கழற்றி மாட்டுவது, ரீஸ்டார்ட் செய்வது எல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எங்கே சிமிட்டுகிறது என்று பார்க்காதது

முதலில் திரையை ரெக்கார்ட் செய்து, அந்த வீடியோவை வேறொரு கருவியில் ஓட்டிப் பாருங்கள். வீடியோவிலும் சிமிட்டினால் கோளாறு கம்போசிட்டரிலோ (ஜன்னல்களை ஒன்றுசேர்த்துத் திரையை உருவாக்கும் மென்பொருள்) ஓடும் ஆப்பிலோ இருக்கிறது. வீடியோ சுத்தமாக இருந்தால் பேனல், கேபிள், மின்சேமிப்பு வசதி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். வெளி மானிட்டர் 144 ஹெர்ட்ஸில் சிமிட்டி 60-ல் நின்றுவிட்டால், டிரைவரை (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) தொடாமல் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

என்விடியா தளத்திலிருந்து .ரன் கோப்பை இறக்கி நிறுவுவது

இன்றும் எரிச்சல் தருவது இதுதான். விண்டோஸ் பழக்கத்தில் நேராகத் தளத்துக்குப் போய், கோப்பை இறக்கி, ஓட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு அது வேலையும் செய்துவிடும். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

அந்த நிறுவி, அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்கு (லைனக்ஸின் மையப்பகுதி) மட்டும் மாட்யூலை (கர்னலோடு இணையும் டிரைவர் பகுதி) கம்பைல் செய்கிறது. பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஆப்ட்டுக்கு இது எதுவும் தெரியாது. அடுத்த கர்னல் அப்டேட் வந்ததும் புதிய கர்னலுக்கு மாட்யூல் இருக்காது. கர்னலோடு வரும் திறமூல நூவோ டிரைவரையும் அந்த நிறுவி மென்பொருளே முடக்கி வைத்திருப்பதால் அதுவும் கைகொடுக்காது. மிஞ்சுவது கறுப்புத் திரைதான். ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் மாட்யூலைத் தானே கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் வசதியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், புதிய கர்னலின் ஹெடர் பேக்கேஜ் இல்லாவிட்டால் கம்பைல் ஆகாது.

இதற்குமேல் பதற்றத்தில் ஆப்ட் வழியாகவும் ஒரு டிரைவரைப் போட்டுவிடுவார்கள். அப்போது மாட்யூல் ஒரு பதிப்பு, லைப்ரரி வேறொரு பதிப்பு என்று ஆகி, டிரைவர் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை 'பதிப்புகள் பொருந்தவில்லை' என்று நின்றுவிடும்.

உபுண்டுவில் மீளும் வழி: கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி உரைத்திரைக்குப் போங்கள். அதுவும் கறுப்பாக இருந்தால் பூட் ஆகும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். முதலில் சூடோவுடன் என்விடியா-அன்இன்ஸ்டால் ஓட்டுங்கள். பிறகு என்விடியா பேக்கேஜ்களை எல்லாம் ஆப்ட் பர்ஜ் செய்யுங்கள். மோட்ப்ரோப்.டி அடைவில் நூவோவை முடக்கும் கோப்பு மிச்சமிருந்தால் அழித்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஓட்டி ரீபூட் செய்யுங்கள். நூவோவில் திரை வந்தபின் 'உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்' காட்டும் பரிந்துரையைப் பார்த்து, 'உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்' கொடுங்கள்.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கினால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கலாம். ரீபூட்டில் வரும் நீலத்திரையில் 'என்ரோல் மோக்' (கையொப்பச் சாவியைப் பதிவுசெய்வது) தேர்ந்தெடுத்து அதையே தர வேண்டும். பலர் அது என்னவென்று புரியாமல் 'கன்டினியூ பூட்' அழுத்திவிடுகிறார்கள். கையொப்பச் சாவி பதிவாகாததால் கர்னல் அந்த மாட்யூலை ஏற்காது. டிரைவர் சரியாக நிறுவப்பட்டும் வேலை செய்யாததன் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு தேர்வுதான்.

நோமோட்செட்டை நிரந்தரமாக விட்டுவைப்பது

நோமோட்செட் என்பது கிராபிக்ஸ் டிரைவரை ஒதுக்கிவிட்டு அடிப்படைத் திரையோடு பூட் செய்ய, கர்னலுக்குத் தரும் ஓர் அளவுரு. ஒருமுறை உள்ளே நுழைய மட்டும். விட்டுவைத்தால் வரையும் வேலை முழுவதும் சிபியு தலையில்தான்.

கிடைத்த கர்னல் அளவுருக்களை எல்லாம் ஒன்றாகப் போடுவது

ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். லேப்டாப் பேனல் மட்டும் சிமிட்டினால் முதல் சந்தேகம் பிஎஸ்ஆர்: படம் மாறாதபோது பேனலே தன் நினைவகத்திலிருந்து திரையைப் புதுப்பித்துக்கொள்ளும் மின்சேமிப்பு வசதி. கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில், இன்டெலுக்கு ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க்=0எக்ஸ்10 சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டுமே. சிமிட்டல் நின்றால் மட்டும் கிரப் கோப்பில் எழுதி அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

பழைய என்விடியா டிரைவருடன் வேலாண்டில் போராடுவது

வேலாண்ட் என்பது திரையில் படம் காட்டும் புதிய முறை, எக்ஸ்ஆர்க் பழையது. பழைய முறைக்கு எழுதிய ஆப்கள் வேலாண்டில் எக்ஸ்வேலாண்ட் வழியாக ஓடும். அவற்றில் பழைய ஃப்ரேம் மின்னி மறைந்தால், 2024-ல் வந்த 555 டிரைவரோ அதற்குப் பிந்தையதோ தேவை. வரைந்து முடிந்த ஃப்ரேமை மட்டும் காட்டவைக்கும் எக்ஸ்ப்ளிசிட் சிங்க் அதில்தான் வந்தது. டெஸ்க்டாப்பும் அதை ஆதரிக்க வேண்டும். கேடிஇ டெஸ்க்டாப் என்றால் பிளாஸ்மா 6.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. என்விடியாவின் பழைய கெப்ளர் தலைமுறைக் கார்டுகள் 470 டிரைவரோடு நின்றுவிட்டன, அவற்றுக்கு எக்ஸ்ஆர்க் அமர்வே சரி.

லாக் பார்க்காமல் மறுநிறுவல்

மறுநிறுவலுக்கு முன் இந்தக் கட்டளையை ஓட்டுங்கள்: ஜர்னல்சிடிஎல் -கே -பி -1. கறுப்புத் திரையில் முடிந்த முந்தைய பூட்டின் கர்னல் செய்திகள் அதில் இருக்கும்.