பள்ளிக்கூடத்தின் பெயரை மாற்றப் புறப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்துக்கு அருகே நடந்த பழைய மாணவர் கூட்டம் ஒன்றில், இருபத்தைந்து வயதைத் தாண்டாத நான்கு பேர் எழுந்து, தாங்கள் படித்த பள்ளியின் பெயரை மாற்றக் கோரும் மனுவை வாசித்தார்கள். அவர்களின் நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. கொடுமை செய்த ஒருவரின் பெயரை, அந்தக் கொடுமைக்கு ஆளானவர்களின் பேரப்பிள்ளைகள் நாள்தோறும் சீருடையில் சுமந்து செல்ல வேண்டியதில்லை என்று நான் இன்றும் உறுதியாக நம்புகிறேன். ஆனால் மனுவின் இரண்டாம் பத்தியைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. “ஊரில் எல்லோரும் அறிந்தபடி” என்று அது தொடங்கியது. 1998இல் நாங்கள் எழுதிய மனுவும் இதே சொற்களோடுதான் தொடங்கியது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இத்தகைய முயற்சிகள் மூன்றில் பங்கெடுத்திருக்கிறேன். அவற்றுள் ஒன்று நிறைவேறியது, ஒன்று பாதியில் நின்றது, ஒன்றைத் தொடங்கியிருக்கவே கூடாது. கூட்டத்தில் சாதி சொல்லித் திட்டாதீர்கள், இரவில் போய்ப் பலகையில் தார் பூசாதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

யாருடைய பெயர் என்று உறுதிசெய்யாமல் தொடங்குவது

மற்றப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். இந்த ஒரு பிழை ஊரையே பிளந்துவிடும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

அப்போது நான் விளவங்கோடு வட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பள்ளியின் பெயரையோ, கல்லில் இருந்த மனிதரின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் குடும்பத்தார் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்கள். வாசல் நிலைக்கு மேலே மலையாள எழுத்துகள் பொறித்த கருங்கல் ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் பள்ளிக்கு வெள்ளையடித்தவர்கள் கல்லையும் சேர்த்தே அடித்திருந்ததால் எழுத்துகளின் பள்ளத்தில் சுண்ணாம்பு அடைந்து கிடந்தது. எங்களில் ஒருவருக்கு மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அவர் ‘செண்பகராமன்’ என்ற சொல்லையும் 1033 என்ற கொல்லம் ஆண்டையும் படித்துச் சொன்னார். 1033 என்றால் 1857-58. மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் உச்சத்தை எட்டிய காலம் அது. மேலாடை அணிந்த பெண்களை அந்த நாட்களில் அடித்து அவமதித்த அதிகாரி ஒருவரைப் பற்றி எங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம்; அவரும் ‘செண்பகராமன்’ என்றே அழைக்கப்பட்டவர். அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை. நானூறு கையெழுத்துகளுக்கு மேல் வாங்கினோம். தெருமுனையில் கூட்டம் போட்டோம். மேடையில் நான்தான் முதலில் பேசினேன்.

மூன்று மாதங்கள் கழித்து, மலையாள வழியில் படித்த, எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். ஒரு பையனை ஏணியில் ஏற்றி, தேங்காய்த் தும்பைத் தண்ணீரில் நனைத்துக் கல்லைத் தேய்க்கச் சொன்னார். சுண்ணாம்பு கரைந்து இறங்க இறங்க, மூன்று என்று நாங்கள் படித்த இலக்கங்களின் இடப்பக்கம் திறந்துகொண்டது. இரண்டும் எட்டு. ஆண்டு 1088. அதாவது 1912-13. பெயருக்குப் பின்னால் ‘வக’ என்று இரண்டு எழுத்துகள் தெரிந்தன.

“சாரே, இது அவனுக்க பேரில்ல. ‘வக’ன்னு போட்டிருக்கு பாரும். நெலம் எழுதிக் குடுத்த மனுசனுக்க பேரு” என்றார்.

‘வக’ என்பது நம் கோயில்களில் ‘உபயம்’ என்று எழுதுவோமே, அதைப் போன்றது. ‘செண்பகராமன்’ என்பதோ திருவிதாங்கூர் மன்னர்கள் பலருக்கு அளித்த பட்டம். ஜெர்மனியில் இருந்துகொண்டு நாட்டு விடுதலைக்குப் பாடுபட்ட செண்பகராமன் பிள்ளைக்கு அது இயற்பெயர். ஆனால் அந்தக் காலத்துக் கல்லிலும் ஓலையிலும் அச்சொல்லைக் கண்டால் முதலில் பட்டமாக இருக்குமோ என்றுதான் ஐயப்பட வேண்டும். எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரத்தின் நகலுக்கு எழுதிப் போட்டோம். இரண்டு வாரத்தில் கிடைத்துவிட்டது. பெரியவர் சொன்னது சரியாக இருந்தது. பள்ளியின் முதல் சேர்க்கைப் பதிவேட்டை அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, தொடக்க ஆண்டுகளிலேயே புலையர், சாம்பவர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அதே 1910களில்தான் புலையர் தலைவர் அய்யன்காளி ஒரு சிறுமியைக் கைபிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றதற்காக அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் இந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க இடம் கொடுத்த மனிதரைத்தான் நான் மேடையில் நின்று கொடியவர் என்றேன்.

வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவருடைய பேரன் எங்களை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. ஆனால் அவர் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த நோட்டுப் புத்தகங்கள் அந்த ஜூனில் வரவில்லை. வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் பள்ளி விளையாட்டுத் திடலாகப் பயன்படுத்திவந்த அவர்களுடைய புரையிடத்தைச் சுற்றி வேலி எழுந்தது. வேலியைத் தாண்டி விழுந்த பந்தை எடுக்கப் போகலாமா கூடாதா என்று பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து நின்றார்கள். ஒரு கைப்பிடித் தும்பும் ஒரு குடம் தண்ணீரும் முதல் நாளே செலவழித்திருந்தால் அந்தத் திடல் இன்றும் பள்ளியின் கையில் இருந்திருக்கும்.

இது ஏதோ ஒரு மூலையில் நடந்த பிழை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரப் பள்ளி வாரியம் 2021 ஜனவரியில் 44 பள்ளிகளின் பெயர்களை மாற்ற முடிவெடுத்தது. அவற்றுள் ஒன்று அமெரிக்க விடுதலைப் போர் வீரரான பால் ரிவியரின் பெயர் தாங்கிய பள்ளி. 1779இல் அவர் பங்கெடுத்த பெனோப்ஸ்காட் படையெடுப்பு, பெனோப்ஸ்காட் பழங்குடியினரின் நிலத்தைப் பறிப்பதற்கானது என்று பெயர்க்குழு எடுத்துக்கொண்டது. உண்மையில் அது பிரிட்டிஷ் கோட்டை ஒன்றின் மீது நடந்து தோற்றுப்போன தாக்குதல். இன்னொரு பள்ளியின் பெயரில் இருந்த ரூஸ்வெல்ட், இரண்டு குடியரசுத் தலைவர்களுள் எவர் என்பதே குழுவுக்குத் தெளிவாக இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் வாரியம் தன் முடிவைத் தானே திரும்பப் பெற்றது. அந்தப் பட்டியலில் மாற்றத் தகுதியான பெயர்களும் இருந்தன. சில வரிகளைச் சரிபார்க்காமல் விட்டதால் அவற்றின் நியாயமும் சேர்ந்தே அடிபட்டுப் போனது.

நம் பகுதியில் இந்தக் குழப்பத்துக்கு இன்னும் அதிக இடமுண்டு. ‘மன்றோ’ என்று கேட்டதும் நம் இளைஞர்கள் ஒருவரையே நினைக்கிறார்கள். திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடென்டாக இருந்து, 1811 முதல் 1814 வரை திவான் பொறுப்பையும் வகித்த கர்னல் ஜான் மன்றோ வேறு. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ வேறு. திருவிதாங்கூர் மன்னர்களில் பலருக்கும் இயற்பெயர் ராம வர்மா. அவர்களைப் பிறந்த நட்சத்திரத்தைக் கொண்டுதான் பிரித்தறிய முடியும். தளவாய் என்பது ஆளல்ல, பதவி.

கொல்லம் ஆண்டைக் கணக்கிடுவதிலும் கவனம் வேண்டும். ஆவணியில் (மலையாளத்தில் சிங்ஙம்) பிறக்கும் ஆண்டு அது. ஆகவே ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825ஐயும் கூட்ட வேண்டும். ஆங்கிலேயருக்கு எதிராக வேலுத்தம்பி தளவாய் விடுத்த குண்டறை விளம்பரம் 984 மகரத்தில் (தையில்) வந்தது; 825ஐக் கூட்டினால் 1809 ஜனவரி கிடைக்கும். ஆலயப் பிரவேச விளம்பரம் 1112 துலாத்தில் (ஐப்பசியில்) வந்தது. 824ஐக் கூட்டினால் 1936 நவம்பர் கிடைக்கும். ஓராண்டு பிசகினால் அப்போது திவானாக இருந்தவரே மாறிவிடக் கூடும்.

தேட வேண்டிய இடங்கள் தொலைவில் இல்லை. பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, நிலத்தின் மூலப்பத்திரம், ஊரில் மலையாளம் படித்த மூத்தவர்கள் ஆகியவற்றில் தொடங்குங்கள். இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956க்கு முந்தைய அரசாங்கக் கோப்புகளுக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்கும். களியக்காவிளையில் பஸ் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

ஒரு செயலைக் கொண்டே ஒருவரை அளப்பது

ஆள் யார் என்று உறுதியான பின்னரே அவர் செய்ததைப் பற்றிய பேச்சு தொடங்க வேண்டும். அங்கேயும் அவசரப்படுகிறார்கள். சர் சி. பி. ராமசாமி அய்யர் திவானாக இருந்தபோதுதான் 1936இல் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. 1946இல் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவருடைய ஆட்சியில்தான். இரண்டில் ஒன்றை மறைத்து எழுதப்படும் மனு எதிர்த்தரப்பின் முதல் கேள்வியிலேயே குப்புற விழும். இரண்டையும் நீங்களே எழுதிவிட்டு, எது ஏன் கனமானது என்று வாதிடுங்கள்.

எல்லைப்புறத்தில் இந்த நிறுவை மேலும் கடினமானது. திருவனந்தபுரத்துக்காரர்களுக்குப் பட்டம் தாணு பிள்ளை, திவானை எதிர்த்துச் சிறை சென்ற விடுதலைப் போராட்டத் தலைவர். நமக்கோ, 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரக் கோரிய தமிழர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சராக இருந்தவர். அவருடைய கட்சியின் தலைவர்களில் ஒருவரான ராம் மனோகர் லோகியாவே அவரைப் பதவி விலகச் சொன்னார்; அவர் விலகவில்லை. எல்லைக்கு அப்பால் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் எதையும் மாற்றச் சொல்லும் உரிமை நமக்கு இருப்பதாக நான் கருதவில்லை. இந்தப் பக்கம் அவர் பெயரில் ஒரு பள்ளி வேண்டும் என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் வகுத்த அளவுகோல் எனக்குப் பயன்பட்டது. ஒருவர் விட்டுச் சென்றவற்றில் முதன்மையானது, அவர் பெயரைத் தாங்கும் நிறுவனத்தின் நோக்கத்துக்கு அடிப்படையிலேயே முரணானதா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அடிமை முறை நன்மையே என்று வாதாடிய கால்ஹூனின் பெயரை 2017இல் ஒரு கல்லூரியிலிருந்து அதன்படிதான் நீக்கினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு உரியவரான எலிஹூ யேல், நம் சென்னை ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர். அங்கே நடந்த அடிமை வணிகத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அவர் பெயர் அப்படியே இருக்கிறது. அந்த அளவுகோல் வாதத்தை முடித்துவைக்காது. வாதத்துக்கு ஒரு வரம்பு கட்டும்.

முதலெழுத்தில் ஒளிந்திருக்கும் பெயர்

நாகர்கோவிலில் ‘எஸ்.எல்.பி.’ பள்ளியில் படித்தேன் என்று சொல்பவர்களில் பலருக்கு, அது 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆண்ட ராணி சேது லட்சுமி பாய் என்பது நினைவில் இருப்பதில்லை. மாற்றுவதா வைத்திருப்பதா என்று கேட்கும் முன், பெயரை முழுமையாக எழுதிவைத்து ஓராண்டு பேசுங்கள்.

புதுப் பெயரைப் பையில் வைத்துக்கொண்டு வருவது

பழைய பெயரை எடுப்பதற்கான காரணங்களை வாசித்து முடித்த அதே மூச்சில், தங்கள் சமுதாயத் தலைவரின் பெயரைப் புதுப் பெயராக முன்வைக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேர் அந்த நிமிடமே எழுந்து போய்விடுகிறார்கள். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டதைத் தொடர்ந்து தென்மாவட்டங்களில் சாதி மோதல் மூண்டபோது, தமிழக அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை ஒருசேர நீக்கியது. எங்கள் பேருந்துகளில் எழுதியிருந்த ‘நேசமணி’ என்ற பெயரும் அப்போது போயிற்று. இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்காக வாழ்நாளைச் செலவிட்டவரின் பெயர் அது. பொதுவிதி ஒன்றைக் கேட்பவர்கள், அது தாம் போற்றும் பெயரையும் ஒருநாள் தொடும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் கேட்க வேண்டும். நாங்கள் நிறைவேற்றிய அந்த ஒரு முயற்சியில் ஊரின் பெயரையே பள்ளிக்கு வைத்தோம். அதற்கு யாரும் எதிர்த்துக் கையெழுத்திடவில்லை.

பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்குவது

செய்யாதீர்கள்.

ஊரைக் கூட்டாமல் முடிப்பது

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் ஷெனண்டோவா மாவட்டத்தில், அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதிகளின் பெயர்களை 2020இல் பள்ளிகளிலிருந்து நீக்கினார்கள். பொதுமக்களை உரியபடி கேட்காமல் அவசரமாக முடித்தார்கள் என்ற குறையைப் பிடித்துக்கொண்டே, 2024 மே மாதம் அந்தப் பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பழைய கல்லை உடைப்பதும் பழைய ஏடுகளை மறப்பதும்

கல்லை உடைக்காதீர்கள். பெயர்த்து எடுத்து, உள்சுவரில் கண் மட்டத்தில் பதித்து, இன்னாருடைய பெயர் இன்ன காரணத்தால் இன்ன ஆண்டில் எடுக்கப்பட்டது என்று அருகே தமிழில் எழுதுங்கள்.

முடிவு எடுத்த பிறகு அலுவலக வேலை நிறையவே இருக்கிறது. அரசுப் பள்ளியானால் அரசாணை வராமல் பலகையைத் தொடக் கூடாது. அதன்பின் முத்திரை, வங்கிக் கணக்கு, யூடைஸ் என்னும் பள்ளித் தரவுப் பதிவு, மாற்றுச் சான்றிதழ் ஆகிய எல்லாவற்றிலும் பெயர் ஒன்றுபோல மாற வேண்டும். பழைய பெயரில் சான்றிதழ் வாங்கிய ஒருவர் பத்தாண்டு கழித்துக் கடவுச்சீட்டுக்கோ வேலைக்கோ போய் நிற்கும்போது, இரண்டும் ஒரே பள்ளிதான் என்று தலைமை ஆசிரியர் உடனே எழுதித் தரும்படி ஒரு படிவத்தை முன்கூட்டியே அச்சடித்து வையுங்கள். நாங்கள் வைக்காததால், நாகர்கோவிலிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த ஒரு பெண், கைக்குழந்தையோடு மாலை வரை அலுவலக வராந்தாவில் காத்திருந்தார்.

அந்த நான்கு பேரிடமும் மனுவைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டாம் பத்தியை மட்டும் கோடிட்டுக் கொடுத்தேன். அவர்களின் பள்ளி வாசலிலும் ஒரு கல் இருக்கிறதாம். அதன்மீது பச்சை நிற எனாமல் பெயிண்ட் அடித்திருக்கிறார்களாம். வருகிற சனிக்கிழமை தின்னரும் பழைய துணியும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஏணி அங்கேயே இருக்கிறது.