சோதனையை ஏமாற்றிய காஸ்ட்ரிக் மாத்திரை

எனக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்துக் கணக்கு வேலை. இரண்டு மாதமாக விடியற்காலை 3 மணிக்கு மேல்வயிறு எரியும்; இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்கும். சம்பல் காரத்தை விட்டேன், தே தாரிக் டீயை விட்டேன், ஒன்றும் ஆகவில்லை. கிளினிக்கில் கொடுத்த ஒமெப்ரசோல் என்ற காஸ்ட்ரிக் மாத்திரை சாப்பிடும்வரை சுகம், நிறுத்தினால் பழைய கதை. பித்தப்பைக் கல்லோ என்று ஸ்கேன் எடுத்ததில் காசு போனதுதான் மிச்சம்.

அப்புறம் ஈப்போவில் மூச்சுச் சோதனை. வெறும் வயிற்றில் ஒரு பையில் ஊதி, யூரியா கரைத்த நீரைக் குடித்து, அரை மணி கழித்து மறுபடி ஊத வேண்டும். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி வயிற்றில் இருந்தால் யூரியாவை உடைக்கும்; அதிலுள்ள கார்பன் மூச்சில் வந்துவிடும். எனக்கு ‘இல்லை’ என்று வந்தது.

எரிச்சல் நிற்காததால் மறுபடி போனேன். அங்கிருந்த தாதி, “அண்ணே, காலையில காஸ்ட்ரிக் மாத்திரை போட்டீங்களா?” என்றார். போட்டிருந்தேன், முதல் முறையும்தான்! யாரும் கேட்கவே இல்லை. அந்த மாத்திரை கிருமியையும் அடக்கிவிடுமாம். சோதனைக்கு முன் 2 வாரம் அது கூடாது. ஆன்டிபயாட்டிக் என்றால் 4 வாரம்.

டாக்டரிடம் கேட்டு நிறுத்தினேன். அந்த 2 வாரமும் அமிலத்தைத் தணிக்கும் ஆன்டாசிட் மருந்துத் தண்ணீர்தான் துணை. இந்த முறை கிருமி சிக்கியது. 14 நாள் இரண்டு ஆன்டிபயாட்டிக், கூடவே அதே ஒமெப்ரசோல்! எல்லாம் முடித்து 6 வாரம் கழித்து, ஒமெப்ரசோல் தொடாமல், திரும்ப ஊதினேன். சுத்தம். இப்போது 3 மணிக்கு என்னை எழுப்புவது பக்கத்து வீட்டுச் சேவல் மட்டும்தான்.