திருகோணமலையிலிருந்து தசை ஆராய்ச்சிக்குப் போவது எப்படி

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் சிலர், பிசியோ படித்தால் வைத்தியசாலை வேலை அல்லது சொந்த கிளினிக், இரண்டைத் தவிர வேறு வழியே இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டே தசையை ஆராயலாம், அதற்கு நம்மூர்ப் பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும் என்பது என் ஆசை.

படிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கொழும்பிலும் பேராதனையிலும் நான்கு வருட இயன்மருத்துவ (பிசியோ) பட்டம் இருக்கிறது, உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை வைத்துத்தான் அனுமதி, படிப்பு ஆங்கிலத்தில். விரிவுரையாளராக வர முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ வேண்டும், ஆகவே முதல் வருடப் புள்ளிகளை அலட்சியம் செய்யாதீர்கள். அப்புறம் முதுநிலை, கலாநிதி.

சரி, எதை ஆராய்வது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வெளிநாட்டுக் கட்டுரையில் வந்த தலைப்பையே திரும்பச் செய்யப் பார்க்கிறார்கள். விடியற்காலையில் உப்புவெளிப் பக்கம் போய்க் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். குதிக்காலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, வலையின் மடி கரைக்கு வரும்வரை இழுக்கிறார்கள், அதில் அறுபது தாண்டியவர்களும் நிற்பார்கள். வயதோடு தசை குறைவதற்கு 1989இல் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார்கள், பலம் குறைவதையும் பின்னால் அதில் சேர்த்தார்கள். 2019இல் வந்த ஆசிய வரையறைப்படி கைப்பிடி பலம் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் கவனிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கயிறு இழுத்த கைக்கும் அந்த 28 பொருந்துமா? கை பலமாக இருந்து கால் தளர்ந்திருந்தால் அந்த அளவு நம்மை ஏமாற்றிவிடாதா? இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் போதும்.

அளப்பதற்குக் கை பழக வேண்டும். ஆளைக் கதிரையில் இருத்தி, முழங்கையை 90 பாகையில் மடக்கி, கை எதிலும் முட்டாமல், கைப்பிடி பலம் அளக்கும் கருவியை இடையில் ஓய்வு விட்டு மூன்று தரம் அழுத்தச் சொல்லுங்கள். ஒருவருக்கு "இன்னும், இன்னும்" என்று உற்சாகம் கொடுத்து அடுத்தவருக்குச் சும்மா இருந்தால் அந்த எண்கள் இரண்டையும் ஒப்பிட முடியாது. வலை இழுத்து முடித்த கையை உடனே அளந்தால் களைப்பைத்தான் அளப்பீர்கள். இது எனக்குப் பட்டுத் தெரிந்தது, ஒரு காலை முழுக்க எடுத்த அளவுகளைத் தூக்கிப் போட வேண்டி வந்தது.

இன்னொன்று, நம்முடைய தமிழ். இந்தியாவில் மொழிபெயர்த்த வலி வினாத்தாளை அப்படியே கொண்டுவந்து கேட்காதீர்கள். நம் ஆட்களுக்கு வலிப்பது "நாரி" (கீழ்முதுகு), அது "உளையும்". "விறைப்பு" என்றால் அங்கே இறுக்கம், இங்கே பலருக்கு உணர்ச்சியில்லாமல் மரத்துப்போவது, ஒரே சொல்லுக்கு இரண்டு நோய்க்குறி! வினாத்தாளை இங்குள்ள பேச்சுக்கு மாற்றி, வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிட்டு, சிலரிடம் கேட்டுச் சரிபார்ப்பதே ஒரு முழு ஆய்வு, இறுதி வருடத்துக்குத் தாராளமாகப் போதும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்கும் முன் ஒருவரைக்கூட அளக்காதீர்கள், பின்னால் போய் வாங்க முடியாது. சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) முன்னால் நிற்கும்போது சம்மதம் கேட்காதீர்கள், அவர் முகத்துக்காகத் தலையாட்டிவிடுவார்கள். தனியே கூப்பிட்டு, மாட்டேன் என்றாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

வாசிக்க, சிட்னியிலிருந்து நடத்தப்படும் பெட்ரோ தரவுத்தளம் இலவசம். பிசியோ சிகிச்சைச் சோதனைகளைத் தேடித் தருவதோடு ஒவ்வொன்றின் தரத்துக்கும் பத்துக்குப் புள்ளியும் போட்டிருக்கும். வாரம் ஒரு கட்டுரையை எடுத்து நீங்களே புள்ளி போட்டுப் பார்த்து, அவர்கள் போட்டதோடு ஒப்பிடுங்கள்.

கலாநிதிப் படிப்புக்குப் பேராசிரியருக்கு மெயில் எழுதும்போது "தசையில் ஆர்வம்" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது அரிது. அவருடைய கட்டுரை இரண்டை வாசித்து, அதில் விடுபட்டதை உங்கள் கரையில் யாரிடம், எந்தக் கருவியால், எத்தனை தரம் அளப்பீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.